‘டெஸ்ட் பண்ணியாச்சு சார்’ என்றால் போதுமா?

போன வருஷம் ஐப்பசியில் எனக்கு பேஸ்மேக்கர் வைத்தார்கள். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சின்ன உலோகப் பெட்டி. அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகின்றன. குளிக்கும்போது கை பட்டால்தான் அது இருக்கிற நினைவே வரும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப். டெக்னீஷியன் தம்பி கம்ப்யூட்டர் மவுஸ் மாதிரி ஒன்றை நெஞ்சுமேல் வைத்துவிட்டு, பக்கத்திலிருக்கும் திரையில் கோடுகளை ஓடவிட்டுப் பார்ப்பார். சித்திரையில் போனபோது, “எல்லாம் நார்மல் சார். பேட்டரி இன்னும் ஒன்பது வருஷம் வரும்” என்றார்.

“நான் வருவேனா?” என்றேன். சிரித்தார். நல்ல பிள்ளை.

சும்மா இருக்காமல் இன்னொன்றும் கேட்டேன். “தம்பி, இதுக்குள்ள ஒரு ப்ரோகிராம் ஓடுதில்லையா? அது தப்புப் பண்ணாதுன்னு எப்படிச் சொல்றீங்க?”

“டெஸ்ட் பண்ணியாச்சு சார். ஆயிரக்கணக்கான டெஸ்ட். அதுக்கப்புறம்தான் வெளியவே விடுவாங்க.”

“டெஸ்ட் பண்ணது சரி. நிரூபிச்சாங்களா?”

அவர் என் மனைவியைப் பார்த்தார், பெரியவருக்குத் தலை சுற்றுகிறதோ என்பதுபோல. அவள் அலட்டிக்கொள்ளாமல், “ரயில்வேயில சிக்னல்ல இருந்தவர் தம்பி. வீட்டுல கேஸ் அடுப்பை அணைச்சாலும் இப்படித்தான் கேப்பார்” என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். சோதிப்பது ஒன்று, நிரூபிப்பது வேறொன்று. அந்த வித்தியாசத்தில்தான் என் சர்வீஸ் முழுக்கக் கழிந்தது. இப்போது அந்த வித்தியாசம் என் நெஞ்சுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருப்பதால் அதைப்பற்றி எழுதத் தோன்றியது.

பழைய மீட்டர்கேஜ் ஸ்டேஷன்களின் கேபின் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மாடியில் இடுப்புயர இரும்பு லீவர்கள் வரிசையாக நிற்கும். சிக்னலுக்குச் சிவப்பு, பாயிண்டுக்குக் கறுப்பு, பாயிண்டைப் பூட்டுவதற்கு நீலம், உபயோகத்தில் இல்லாததற்கு வெள்ளை. லீவர்மேன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலை உதைத்து இழுப்பார். தூரத்தில் கைகாட்டி இறங்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தரைக்குக் கீழே இருப்பதுதான் விஷயம். ஒவ்வொரு லீவரோடும் ஓர் இரும்புப் பட்டை நகரும். அதில் வெட்டுகள் இருக்கும். பக்கவாட்டில் நகரும் துண்டுகள் அந்த வெட்டுகளில் விழுந்தும் எழுந்தும் ஒரு லீவரை இன்னொன்றோடு பூட்டும். மெயின் லைனில் வண்டி வர சிக்னல் கொடுத்திருந்தால், அந்தப் பாதையில் குறுக்கிடும் பாயிண்டை யாராலும் இழுக்க முடியாது. இதற்குப் பெயர் இன்டர்லாக்கிங். ஜான் சாக்ஸ்பி என்ற ஆங்கிலேயர் 1856-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவருக்கு முன்னால், பாயிண்டையும் சிக்னலையும் மாற்றிப் போடாமல் இருப்பது மனிதனின் கவனத்தைப் பொறுத்தது. அவருக்குப் பின்னால் அது இரும்பைப் பொறுத்ததாயிற்று.

நான் பயிற்சியில் இருந்தபோது எங்கள் சீனியர் இன்ஸ்பெக்டர் ஒரு சிக்னலை இறக்கிவைத்துவிட்டு, எதிர் லீவரைக் காட்டி, “இழுடா பாக்கலாம்” என்றார். இழுத்தேன். அசையவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தோம். அசையவில்லை. “உனக்குத் தூக்கம் வரலாம், பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வரலாம், தண்ணியடிச்சுட்டு வரலாம். இது வராது” என்றார்.

அப்போது ஒரு கணக்கும் கொடுத்தார். லீவருக்கு இரண்டு நிலைகள்: இழுத்தது, இழுக்காதது. 40 லீவர் உள்ள கேபினில் எத்தனை சேர்க்கைகள் வரும்? இரண்டை நாற்பது முறை பெருக்க வேண்டும். சுமார் 1.1 லட்சம் கோடி. நொடிக்கு ஒன்றாக எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தால் ஏறக்குறைய 35,000 வருஷம் ஆகும். “அப்ப எதை நம்பி நாம கையெழுத்துப் போடறோம்?” என்று கேட்டார்.

நாங்கள் நம்பியது லாக்கிங் டேபிளை. எந்த லீவர் எதைப் பூட்டும், எதை விடுவிக்கும், எது முன்னால் வர வேண்டும் என்று வரிசையாக எழுதிய ஒரு பட்டியல். ஒன்றோடொன்று மோதக்கூடிய ஒவ்வொரு ஜோடிப் பாதையையும் எடுத்து, இது இருக்கும்போது அது வர வழியே இல்லை என்று அந்தப் பட்டியலைவைத்துக் காரணகாரியத்தோடு காட்ட வேண்டும். 35,000 வருஷ வேலை சில நாட்களில் முடிந்துவிடும். பிறகு கேபினுக்குப் போய், இரும்பு அந்தப் பட்டியலின்படிதான் இருக்கிறதா என்று வரி வரியாக இழுத்துப் பார்ப்போம். முதலில் நிரூபணம், பிறகு சோதனை. இரண்டும் வேண்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

அப்புறம் காலம் மாறியது. இரும்புப் பட்டைகள் போய் ரிலேக்கள் வந்தன. ரிலேக்கள் போய் கம்ப்யூட்டர் வந்தது. இப்போது இன்டர்லாக்கிங் என்பது அலமாரிக்குள் இருக்கும் ஒரு ப்ரோகிராம். சிக்னல் மட்டுமா? லிஃப்ட், காரின் பிரேக், இன்சுலின் பம்ப், வாஷிங் மெஷின், விமானத்தின் இறக்கை என்று எல்லாவற்றுக்குள்ளும், கம்ப்யூட்டர் என்று நமக்குத் தெரியாமலேயே ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. எம்பெடட் சிஸ்டம் என்கிறார்கள். உள்ளே பொதித்து வைத்த கணினி. பூட்டு இருக்கிறது என்கிறார்கள். ஆனால் குனிந்து பார்க்கத் தரைக்குக் கீழே எதுவும் இல்லை.

இதில் என்ன ஆபத்து என்பதற்கு ஒரு பழைய கதை போதும். தெராக்-25 என்று புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கொடுக்கும் ஓர் இயந்திரம். கனடாவில் செய்தது. 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அது அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். டெக்சாஸில் நடந்ததைப் பாருங்கள். இயக்கும் பெண்மணி நோயாளியின் விவரங்களைத் தட்டச்சு செய்கிறார். எலக்ட்ரான் கதிருக்கான எழுத்துக்குப் பதில் எக்ஸ்ரேக்கான எழுத்தைத் தட்டிவிட்டு, உடனே மேலே போய்த் திருத்துகிறார். அனுபவசாலி என்பதால் கை வேகம். உள்ளே காந்தங்கள் தயாராக எட்டு நொடி ஆகும். அந்த எட்டு நொடிக்குள் திருத்தம் முடிந்துவிட்டால், திரையில் ஒன்று இருக்கும், இயந்திரத்துக்குள் வேறொன்று இருக்கும். சோதித்தவர்கள் யாரும் அவ்வளவு வேகமாகத் தட்டிப் பார்க்கவில்லை.

இன்னொரு விபத்துக்கு வேறு காரணம். ஒரு பாதுகாப்புச் சோதனை தேவையா இல்லையா என்று சொல்லும் எண் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். 255-க்குப் பிறகு அதற்கு இடமில்லாமல் பூஜ்யத்துக்குத் திரும்பும். பூஜ்யம் என்றால் ‘சோதனை தேவையில்லை’ என்று அர்த்தம். சரியாக அந்தக் கணத்தில் பட்டனை அழுத்தினால் பாதுகாப்பு இல்லை. 256-ல் ஒரு முறை.

இந்தக் கதையில் என் போன்ற சிக்னல்காரனைத் தூங்கவிடாத பகுதி வேறு. இதற்கு முந்தைய மாடலான தெராக்-20-இன் ப்ரோகிராமிலும் இதே தப்பு இருந்ததாம். ஆனால் அதில் தனியாக ஒரு மின்பூட்டு, நம் இன்டர்லாக்கிங் மாதிரி, இருந்தது. தப்பு வந்தபோதெல்லாம் ஃபியூஸ் போனது. ஆள் போகவில்லை. புது மாடலில், ப்ரோகிராமே பார்த்துக்கொள்ளும் என்று அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டார்கள்.

சோதனை என்பது தப்பு இருப்பதைக் காட்டும், தப்பு இல்லை என்பதைக் காட்டாது. டைக்ஸ்ட்ரா என்ற நெதர்லாந்துக் கணினி விஞ்ஞானி 1960-களின் கடைசியிலேயே இதைச் சொல்லிக் களைத்துப்போனார். நம் வீட்டுப் பெண்களுக்கு இது எப்போதோ தெரியும். மழை வராத நாளில் கூரை ஒழுகாது.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பேத்தி லீவில் வந்திருந்தாள். அவளிடம் டெக்னீஷியன் கதையைச் சொன்னேன். “தாத்தா, நீங்க கேட்டது பெரிய சப்ஜெக்ட். ஃபார்மல் வெரிஃபிகேஷன்னு பேரு” என்றாள். கணித வழியில் சரிபார்ப்பது. ப்ரோகிராமை ஓட்டிப் பார்க்காமல், அது செய்யக்கூடியதை எல்லாம் கணிதமாக எழுதி, கெட்ட நிலைமை எந்த வழியிலும் வராது என்று நிரூபிப்பது. “நாங்க பண்ணின லாக்கிங் டேபிள்தானே?” என்றேன். “கிட்டத்தட்ட” என்றாள், பாட்டியைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு.

இதில் ஒரு பிரிவுக்கு மாடல் செக்கிங் என்று பெயர். கணினி போகக்கூடிய எல்லா நிலைகளையும், எல்லாப் பாதைகளையும், இன்னொரு கணினியே தேடிப் பார்ப்பது. இதைக் கண்டுபிடித்த கிளார்க், எமர்சன், சிஃபாக்கிஸ் மூவருக்கும் 2007-க்கான டூரிங் விருது கொடுத்தார்கள். கணினித் துறைக்கு அதுதான் நோபல் மாதிரி. 35,000 வருஷக் கணக்கு இவர்களுக்கும் இடித்தது. ஆனால் நிலைகளை ஒவ்வொன்றாக எண்ணாமல் கூட்டம் கூட்டமாகக் கையாளும் வழியைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

பேத்தி ஓர் ஆய்வுக் கட்டுரையை அச்செடுத்துக் கொடுத்தாள். எழுதியவர்கள் ராஜீவ் அலூர், டேவிட் டில். வெளிவந்தது 1994-ல். அலூர் கான்பூர் ஐஐடியில் படித்து ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர். இப்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். கட்டுரையில் முக்கால்வாசி எனக்குப் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவில் ஓர் உதாரணம் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது லெவல் கிராசிங் கேட்!

வண்டி, கேட், கட்டுப்படுத்தும் கருவி என்று மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கடிகாரம். வண்டி கிராசிங்குக்குள் நுழைவதற்கு இரண்டு நிமிஷத்துக்கு மேலேயே ‘வருகிறேன்’ என்று சொல்லிவிடும். கருவி அதைக் கேட்டுச் சரியாக ஒரு நிமிஷம் கழித்து ‘இறக்கு’ என்னும். கேட் ஒரு நிமிஷத்துக்குள் இறங்கிவிடும். ஒன்றும், ஒன்றுக்குக் குறைவானதும் கூடினால் இரண்டுக்குக் குறைவு. வண்டி வருவதோ இரண்டுக்கு மேல். ஆகவே வண்டி உள்ளே இருக்கும்போது கேட் திறந்திருக்க வழியே இல்லை. ஆயிரம் வண்டி ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. இனி வரப்போகும் எல்லா வண்டிக்கும் இதுவே பதில்.

இன்னொரு நிபந்தனையும் வைத்திருக்கிறார்கள்: கேட் தொடர்ந்து பத்து நிமிஷத்துக்கு மேல் மூடியிருக்கக் கூடாது. கேட்டைத் திறக்கவே திறக்காமல் வைத்தால் விபத்தே வராது, ஆனால் அது கேட் இல்லை, சுவர். பாதுகாப்பாக இருந்தால் மட்டும் போதாது, வேலையும் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்து நிரூபிக்கிறார்கள். லெவல் கிராசிங்கில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த யாரும் இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

இதோடு முடிந்திருந்தால் பழைய தொழில் பாசம் என்று விட்டிருப்பேன். அடுத்த நாள் அவள் இன்னொரு கட்டுரை கொண்டுவந்தாள். 2012-ல் வந்தது. எழுதிய ஐவரில் அதே அலூரும் ஒருவர். பொருள்: பேஸ்மேக்கர்!

ரயில் கேட்டுக்குக் கண்டுபிடித்த அதே கடிகாரக் கணக்குதான். பேஸ்மேக்கரும் கடிகாரம்தானே? மேல் அறை துடித்த பிறகு இவ்வளவு மில்லிநொடிக்குள் கீழ் அறை துடிக்க வேண்டும். துடிக்காவிட்டால் நான் தட்டிவிடுகிறேன் என்கிறது அது. பென்சில்வேனியாக்காரர்கள் பேஸ்மேக்கரை மட்டும் எழுதவில்லை. இதயத்தையும் ஒரு கணித மாதிரியாக எழுதி, இரண்டையும் சேர்த்துச் சரிபார்த்தார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சில சமயம் கீழ் அறையின் துடிப்பு பின்னோக்கி மேல் அறைக்கு ஏறிவிடும். பேஸ்மேக்கர் அதைப் புதிய துடிப்பு என்று எண்ணிக்கொண்டு, விதிப்படி கீழ் அறையைத் தட்டும். அது மறுபடி மேலே ஏறும். மறுபடி தட்டும். இதயம் வேகவேகமாக ஓடும். பேஸ்மேக்கரும் தப்புச் செய்யவில்லை, இதயமும் அதன் இயல்பைத்தான் செய்தது. இரண்டு சரி சேர்ந்து ஒரு தப்பு. மருத்துவர்களுக்கு இது முன்பே தெரியும். கீழ் அறை துடித்த பிறகு மேல் அறையின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் காதில் போட்டுக்கொள்ளாதே என்று விதி வைத்து இதைத் தடுக்கிறார்கள். ஆனால் கணித மாதிரியில் இப்படிப்பட்ட சுழல் நோயாளி இல்லாமலேயே, காகிதத்திலேயே வெளிப்படுகிறது. அடுத்த சுழலையும் அப்படியே கண்டுபிடிக்கலாம் அல்லவா? என் நெஞ்சில் கண்டுபிடிப்பதைவிட அது நல்லது.

‘இதெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்தில் நடக்கும், நடைமுறைக்கு ஆகாது’ என்று சொல்வார்கள். மூன்று உதாரணம் சொல்கிறேன்.

பாரிஸ் மெட்ரோவின் 14-ஆம் லைன் 1998 அக்டோபரில் தொடங்கியது. ஓட்டுநர் கிடையாது. அதன் பாதுகாப்பு ப்ரோகிராமை ழான்-ரேமோன் அப்ரியல் உருவாக்கிய ‘பி’ முறையில் எழுதினார்கள். சுமார் 86,000 வரி. சுமார் 27,800 சிறு நிரூபணங்கள். 2003-ல் ஏர்பஸ் ஏ340 விமானத்தின் பறக்கும் கட்டுப்பாட்டு ப்ரோகிராமை, சுமார் 1,32,000 வரி, பிரெஞ்சு விஞ்ஞானி பத்ரிக் குசோவின் குழு செய்த ஆஸ்த்ரே என்ற கருவி ஆராய்ந்தது. பூஜ்யத்தால் வகுத்தல், எண் நிரம்பி வழிதல் போன்ற ஓட்டநேரப் பிழைகள் இல்லை என்று நிரூபித்தது. அந்த ‘எண் நிரம்பி வழிதல்’ சின்ன விஷயம் இல்லை. 1996 ஜூன் 4-ல் ஏரியான்-5 ராக்கெட் கிளம்பி 40 நொடிகூட ஆகாமல் சிதறியது, பெரிய எண் ஒன்றைச் சின்ன இடத்தில் திணித்ததால்தான். மூன்றாவது, 2009-ல் சிட்னியில் எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கருவை முழுக்க நிரூபித்தார்கள். ப்ரோகிராம் 8,700 வரி. நிரூபணமோ 2 லட்சம் வரி.

இந்தக் கடைசிக் கணக்கைக் காட்டித்தான் எதிர்க்கட்சிக்காரர்கள் பேசுவார்கள். ஒரு வரிக்கு இருபது வரிக்குமேல் நிரூபணமா? யார் செலவு செய்வது? நியாயமான கேள்வி. என் பதில் இது: எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டாம். ஸ்டேஷன் முழுவதையும் நாங்கள் பூட்டவில்லை. டீக்கடையும் டிக்கெட் கவுண்டரும் பாட்டுக்கு இருந்தன. உயிர் போகிற இடத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதைச் சின்னதாக வைத்து, அதைப் பூட்டினோம். பேஸ்மேக்கரில் டாக்டருக்கு வரைபடம் அனுப்பும் பகுதி தப்புச் செய்தால் எரிச்சல் வரும். துடிப்பைத் தட்டும் பகுதி தப்புச் செய்தால் காரியம் நடக்கும், பதினாறாம் நாள் காரியம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இன்னொரு எதிர்வாதம் உண்டு. அது முதலாவதைவிடக் கனமானது. நிரூபணம் காகிதத்தைப் பற்றியது, களத்தைப் பற்றியது அல்ல. இதை நான் மறுக்க மாட்டேன், மறுக்கவும் முடியாது. 2023 ஜூன் 2-ஆம் தேதி சாயங்காலம் ஒடிசாவில் பாலசோர் பக்கம் பஹனகா பஜார் ஸ்டேஷனில் நடந்ததை யார் மறப்பார்கள்? ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். மெயின் லைனுக்குப் பச்சை சிக்னல். பாயிண்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற கூட்ஸ் வண்டியில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். பச்சையும் பாயிண்டும் ஒத்துப்போகாமல் இருக்கவே முடியாது என்பதுதானே எங்கள் தொழிலின் அடிப்படை! அன்று ராத்திரி டிவியை அணைத்துவிட்டு நான் சாப்பிடாமல் படுத்தேன்.

ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை காரணத்தைச் சொன்னது. சிக்னல் மின்சுற்றில் முன்பு செய்த மாற்றத்திலும், பிறகு லெவல் கிராசிங்கின் மின்தடுப்பை மாற்றும் வேலையிலும் நடந்த குறைபாடுகள். இன்டர்லாக்கிங்கின் தர்க்கம் தோற்கவில்லை. அதற்குக் கண்ணும் காதுமாக இருந்த கம்பிகள் பொய் சொல்லின. பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று பொய்த் தகவல் வந்தால், எவ்வளவு சரியான தர்க்கமும் தவறான பச்சையைத்தான் கொடுக்கும்.

ஆகவே நிரூபணம் வீண் என்றா அர்த்தம்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் சீனியர் இரண்டும் வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான். நிரூபணம் இருந்தால் எதை நம்பி அது நிற்கிறது என்பது எழுத்தில் இருக்கும்: ‘இந்தக் கம்பி உண்மை சொல்கிறது என்று வைத்துக்கொண்டால்…’ என்று. களத்தில் போய் எந்தக் கம்பியைப் பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் தெரியும். வெறும் டெஸ்ட்டில் அந்தப் பட்டியலே கிடையாது. எந்தக் கம்பியைத் தொட்டாலும் நிரூபணத்தை முதலிலிருந்து பார்க்க வேண்டும், களத்தையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். அவசரம், ஆள் இல்லை, வண்டி நிற்கிறது என்ற எந்தச் சாக்கும் செல்லாது.

இனி நான் கேட்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. ரயில்வேயில் ஈஎன் 50128 என்ற ஐரோப்பியத் தரவிதி, உயர்ந்த பாதுகாப்பு நிலைகளுக்குக் கணித முறைகளைப் பரிந்துரைத்தது. விமானத்துறையிலும் 2011-லிருந்து அதற்கென்று தனி விதித்தொகுப்பு இருக்கிறது. மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி 62304 என்ற தரவிதியோ, ப்ரோகிராமை எந்த ஒழுங்கில் உருவாக்கிச் சோதித்தாய் என்று கேட்கிறது, நிரூபணத்தைக் கட்டாயமாக்கவில்லை. உடம்புக்குள் வைக்கும் கருவிகளின் உயிர்நாடியான பகுதிக்காவது அதைக் கட்டாயமாக்க வேண்டும். நம் நாட்டில் 2020 ஏப்ரலிலிருந்து எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துக் கட்டுப்பாட்டின் கீழ் வந்துவிட்டன. கேட்கும் அதிகாரம் நம் அரசிடம் இருக்கிறது.

இரண்டு. கேபினில் ஒவ்வொரு லீவரின் தகட்டிலும், அதை இழுக்குமுன் எந்தெந்த லீவர்களை இழுத்திருக்க வேண்டும் என்று எண்கள் பொறித்திருக்கும். புதிதாக வந்த லீவர்மேன்கூடப் படித்துப் பார்க்கலாம். என் பேஸ்மேக்கருக்கும் அப்படி ஒரு தகடு வேண்டும். ப்ரோகிராமைத் தர வேண்டாம், அது அவர்களுடைய வியாபாரம். ‘எந்த நிலையிலும் இது நடக்காது’ என்று அவர்கள் உறுதி சொல்லும் வாக்கியங்களை வெளியிடட்டும். பாஸ்டன் சயன்டிஃபிக் நிறுவனம் தன் பழைய பேஸ்மேக்கர் ஒன்றின் தேவைக்குறிப்பை ஆராய்ச்சியாளர்களுக்காக வெளியிட்டது. உலகெங்கும் பல குழுக்கள் அதை எடுத்து நிரூபித்துப் பழகினார்கள். நிறுவனம் ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

மூன்று. தெராக் கதையை மறக்கக் கூடாது. ப்ரோகிராமை நிரூபித்துவிட்டோம் என்று ஃபியூஸைக் கழற்றாதீர்கள்.

நான்கு. நம் இன்ஜினீயரிங் கல்லூரிகளில் ப்ரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள். எழுதியது சரி என்று காட்டக் கற்றுக்கொடுப்பது குறைவு. பேத்தியின் வகுப்பில் இது விருப்பப்பாடமாம், எடுத்தவர்கள் ஏழு பேராம். இத்தனைக்கும் ஆசிரியரைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்திலும், தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்திலும் அலூர் வழியிலான இந்தக் கடிகாரக் கணக்கு உள்படப் பல வருஷமாக ஆராய்ச்சி நடக்கிறது.

முதன்முதலில் மனிதனுக்கு பேஸ்மேக்கர் வைத்தது 1958 அக்டோபர் 8-ஆம் தேதி, ஸ்வீடனில். ஆர்னே லார்சன் என்பவருக்கு. அதில் இரண்டே டிரான்சிஸ்டர். ப்ரோகிராம் கிடையாது. சில மணி நேரம்தான் வேலை செய்தது. அவர் அதற்குப் பிறகு வாழ்நாளில் மொத்தம் 26 பேஸ்மேக்கர் மாற்றிக்கொண்டு, கருவியைச் செய்த இன்ஜினீயருக்கும், வைத்த டாக்டருக்கும் பின்னால் 2001-ல், 86 வயதில் காலமானார். அந்த இரண்டு டிரான்சிஸ்டரையும் ஒருவர் ஒரு பக்கத்தில் வரைந்து முழுக்கப் புரிந்துகொண்டிருக்கலாம். இன்றைய கருவி அதைவிட எவ்வளவோ நல்லது, சந்தேகமில்லை. அது இல்லாவிட்டால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். யாரும் பயந்துபோய் டாக்டரிடம் கழற்றச் சொல்லிவிடாதீர்கள். ஆனால் நன்றி சொல்வதும் கேள்வி கேட்பதும் ஒரே வாயால் செய்யக்கூடியவைதான்.

நம் வயதுக்காரர்களில் பேஸ்மேக்கரோ இன்சுலின் பம்போ வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. அடுத்த செக்கப்பில் நீங்களும் கேளுங்கள். ‘டெஸ்ட் பண்ணீங்களா’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தெரிந்ததுதான். ‘எது நடக்கவே நடக்காதுன்னு எழுதிக் கொடுப்பீங்க?’ என்று கேளுங்கள். நூறு பேர் கேட்டால் டெக்னீஷியன் மேலே கேட்பார், மேலே இருப்பவர் அவருக்கு மேலே கேட்பார்.

அந்தத் தம்பி கிண்டல் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிளம்பும்போது என் கேள்வியை ஒரு தாளில் எழுதச்சொல்லி வாங்கிக்கொண்டார். கம்பெனிக்கு மெயில் போடுகிறேன் என்றார். ஐப்பசியில் அடுத்த செக்கப். பதில் வந்திருந்தால் இங்கே எழுதுகிறேன். வராவிட்டால் அதையும் எழுதுகிறேன்.